இளம் ஆராய்ச்சியாளர் யார்?
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளைஞர் யார் என்பதை வயதைக் கொண்டு தீர்மானிப்பது நமக்குப் பழக்கம். ஆனால் இளம் ஆராய்ச்சியாளர் யார் என்று தீர்மானிப்பது அவ்வளவு எளிதன்று. அதில் அளவுகோல் பிழைத்தால் தகுதியுள்ள ஒருவருக்கு வாசல் அடைபட்டுவிடும். அமெரிக்காவிலே குழந்தை வைத்தியர்கள் தம் ஆராய்ச்சியின் தொடக்கத்தில் பெறக்கூடிய விருதுகளை எடுத்துக்கொண்டு இதனைச் சிறிது ஆராய விரும்புகின்றேன்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். அந்நாட்டில் ஒருவர் 18 வயதிற் கல்லூரியிற் சேர்ந்தால் அங்கே 4 ஆண்டு. மருத்துவக் கல்லூரியில் 4 ஆண்டு. குழந்தை வைத்தியப் பயிற்சி 3 ஆண்டு. இருதயம், நுரையீரல் போன்ற ஒரு சிறப்புத் துறைக்கு இன்னும் 3 ஆண்டு. ஆக, ஒரு நாளும் வீணாகாவிட்டாலும் 32 வயதாகிவிடும். இரசாயனம் படித்த அவருடைய தோழரோ அதற்குள் பல ஆண்டு ஆராய்ச்சி செய்திருப்பார். "35 வயதுக்கு உட்பட்டோர் மாத்திரம்" என்று ஒரு விருதுக்கு விதி வகுத்தால், இந்த வைத்தியருக்குக் கிடைப்பது மூன்றே ஆண்டு. இருவருக்கும் ஒரே விதி என்பது பெயரளவிலேதான் நீதி.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2008 இல் அறிவித்த விதி வயதைக் கேட்கவில்லை. கடைசி ஆராய்ச்சிப் பட்டம், வைத்தியப் பயிற்சி என்ற இரண்டில் எது பிந்தி முடிந்ததோ அதிலிருந்து 10 ஆண்டுக்குள் இருப்பவராயும், அந்நிறுவனத்தின் பெரிய ஆராய்ச்சி மானியமொன்றைத் தம் பொறுப்பில் முன்னர் பெறாதவராயும் இருந்தால் அவர் ஆரம்பநிலை ஆராய்ச்சியாளர். நோய், குடும்பப் பராமரிப்பு முதலிய காரணங்களுக்காக அக்காலத்தை நீடிக்கும்படி கேட்கலாம். அக்காலத்துள் பிள்ளை பெற்ற தாய்க்கு ஓராண்டு நீடிப்பு உண்டென்று 2018 இல் அறிவித்தார்கள். பிறர் குழந்தைகளைக் காக்கப் படித்தவள் தன் குழந்தையைப் பெற்றதனால் வாய்ப்பிழப்பது எவ்வளவு முரண்!

இன்னொரு நிபந்தனையும் கவனிக்கத்தக்கது. வைத்தியர்களை ஆராய்ச்சியிற் பழக்கும் கே-08, கே-23 என்னும் விருதுகளைப் பெறுவோர், பொதுவாகத் தம் வேலைநேரத்தில் 75 வீதத்தையேனும் அப்பணிக்கு ஒதுக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் கெட்டிக்காரராயிருந்தால் மட்டும் போதாது. அவரை நோயாளர் விடுதியிலிருந்து விடுவிக்க அவர் பணிபுரியும் நிலையமும் இணங்க வேண்டும். பணத்தினும் அருமையானது நேரம் என்பதை இவ்விதி ஒப்புக்கொள்கிறது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். டொக்டர் மேரி எலன் ஏவரியின் வாழ்க்கையைப் பாருங்கள். 1927 இற் பிறந்த அவர், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1952 இற் பட்டம் பெற்றார். சிறிது காலத்தில் காசநோய் கண்டு, பயிற்சியைத் தள்ளிவைத்து ஓய்விலிருக்க நேர்ந்தது. குணமடைந்து பயிற்சியை முடித்த பின்னரே 1957 இல் பொஸ்டன் சென்று ஆராய்ச்சியில் இறங்கினார். குறைமாதக் குழந்தைகள் பலர் பிறந்த சில நாட்களில் மூச்சுத்திணறி இறந்துகொண்டிருந்த காலம் அது. நுரையீரலின் சிற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் பொருளொன்று அக்குழந்தைகளிடம் குறைவாயிருப்பதை அவரும் ஜெரி மீட் என்பவரும் 1959 இல் வெளியிட்டனர். 1961 இல் ஏவரிக்கு மார்க்கிள் நிதியத்தின் உதவி கிடைத்தது; இளம் மருத்துவ ஆசிரியர்களை ஐந்தாண்டு தாங்கும் உதவி அது. 1980 இல் யப்பானிய வைத்தியர் புஜிவாராவும் அவரது குழுவினரும் அப்பொருளைக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்திக் கண்ட பயனை அறிவித்தனர். 1990 இல் அமெரிக்காவில் அவ்வகை மருந்தொன்றுக்கு அனுமதி கிடைத்தது. நோயில் கழிந்த மாதங்களையும் கணக்கிலெழுதி ஏவரியைப் "பிந்தி வந்தவர்" என்று ஒதுக்கியிருந்தால் நட்டம் அவருக்கு மட்டுமா?

எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லை இல்லையெனில் பெயர் பெற்றவரே எப்பரிசையும் பெறுவார். புதியவர் வாசலில் நிற்பார். ஆனால் எல்லையை எங்கிருந்து அளப்பது என்பதே கேள்வி. மேற்சொன்ன விதிகளும் குறையற்றவையல்ல. கே-08, கே-23 விருதுகள் அந்நாட்டுப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோருக்குமே உரியவை. அங்கே சென்று உழைக்கும் பிறநாட்டு வைத்தியர் பலருக்கு அவ்வாசல் திறப்பதில்லை.

நண்பர்களே, நம்முள் சிலர் நாளை புலமைப்பரிசில் வழங்கும் சபைகளில் அமரக்கூடும். பெரியோரிற் சிலர் இன்றே அமர்ந்திருக்கக்கூடும். அப்பொழுது விண்ணப்பத்தில் பிறந்த தேதியைப் பார்த்தவுடன் அதனை ஒருபுறம் வைத்துவிடாதீர்கள். "இவருக்கு உண்மையில் எத்தனை ஆண்டு வாய்ப்புக் கிடைத்தது? அந்த ஆண்டுகளில் இவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். அளவுகோலை ஒழுங்காகப் பிடிப்பதும் அறமே.