வண்ணார் துறையில் ஒரு விஞ்ஞானம்



சிங்கப்பூருக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். சைனாடவுனில் ரயில் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போகும் வழியில் டோபி காட் என்றொரு நிலையம் வரும். வண்ணார் துறை என்றுதான் அதற்குப் பொருள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பிராஸ் பாசா ஓடையில், வங்காளத்திலிருந்தும் சென்னைப் பக்கமிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் ஊரார் துணியை வெளுத்தார்கள். ஓடை கால்வாயாகிவிட்டது, பேர் மட்டும் நிற்கிறது.

அந்தத் தொழிலை இளப்பமாகப் பேசுகிறவர்கள் நம்மிலும் உண்டு. அவர்களைக் கேட்கிறேன்: எண்ணெய்க் கறை வெறும் தண்ணீரில் ஏன் போவதில்லை? எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதே! இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சவர்க்காரம்.

அதன் மூலக்கூறு தலைப்பிரட்டை மாதிரி இருக்கும். தலை தண்ணீரை நாடும். வால் எண்ணெயை நாடும். கறையைக் கண்டதும் வால்களெல்லாம் எண்ணெய்க்குள் குத்திக்கொள்ளும். தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்தபடி நிற்கும. கசக்கக் கசக்க எண்ணெய் சிறு சிறு துளியாக உடையும். தலைகள் சூழ்ந்த அந்தத் துளி துணியை விட்டுக் கிளம்பித் தண்ணீரோடு போய்விடும். (காய்ந்த ரப்பர் பால் கறை மட்டும் இதற்கு மசியாது. அது எண்ணெய்க் கறை இல்லையே! தாய்மார்களுக்குத் தெரியும்.)

சவர்க்காரமே எண்ணெயில் பிறந்ததுதான். நீங்கள் குலை வெட்டுகிற செம்பனையின் எண்ணெயோடு காஸ்டிக் சோடா என்னும் காரத்தைச் சேர்த்துக் காய்ச்சினால் சவர்க்காரமும் கிளிசரினும் கிடைக்கும். பிள்ளைகளே, வீட்டில் செய்து பார்க்கக் கூடாது, கை வெந்துவிடும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் உவர்மண்ணில் துணியை ஊறவைத்து வெள்ளாவி வைத்தார்களே, அந்த மண்ணில் இருப்பதும் காரம்தான். துணியில் படிந்த உடம்பு எண்ணெயில் கொஞ்சத்தை அது அங்கேயே சவர்க்காரமாக்கிவிடும். பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள் கையாண்ட ரசாயனம் இது!

2020இல் சிங்கப்பூரில் நம்மவர்கள் பலர் தங்கியிருந்த தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவியது நினைவிருக்கும். அந்தக் கிருமியின் மேலுறையில் இருப்பதும் கொழுப்புதான். அதே வால்கள் உறைக்குள் புகுந்து அதைப் பிய்த்துவிடுகின்றன. கையை 20 விநாடி தேய்க்கச் சொல்வது சும்மா இல்லை. நுரை நக இடுக்குவரை இறங்கவும், வால்கள் தங்கள் வேலையைச் செய்யவும் அவ்வளவு நேரம் பிடிக்கிறது.