வேலை செய்தவன் பணம்



என்னிடம் கல்வி கற்ற மாணவனொருவன் கனடாவின் ரொறன்ரோ நகரில் கட்டடங்களுக்கு வர்ணம் பூசுகின்றான். தொடர்மாடியொன்றில் வேலை முடித்து ஐந்து மாதமாகியும் பணம் வரவில்லையென்றும், உடன் வேலை செய்த இருவருக்குக் கடன்பட்டே கூலி கொடுத்ததாகவும் 2016 ஆம் ஆண்டில் எனக்கு எழுதியிருந்தான். ஒப்பந்தகாரரோ, தமக்கே பணம் வரவில்லையென்று கையை விரித்தாராம்.

ஒன்ராறியோ மாகாணத்தில் 2019 ஒக்டோபர் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டவிதிகள் இச்சங்கிலியைப் பற்றியவையே. முறையான பில் கிடைத்த 28 நாட்களுள் கட்டட உரிமையாளர் ஒப்பந்தகாரருக்குப் பணம் செலுத்துதல் வேண்டும். மறுப்பாராயின், 14 நாட்களுள் காரணத்தை எழுத்தில் அறிவித்தாகவேண்டும். பணம் பெற்ற ஒப்பந்தகாரர் 7 நாட்களுள் உபஒப்பந்தகாரருக்குக் கொடுத்தல் வேண்டும். பிணக்கு நேர்ந்தால், ஆண்டுக்கணக்காய் நீதிமன்றப் படியேறாது, துறையறிந்த நடுவரிடம் விரைவிலே தீர்ப்புப் பெறலாம். மேலிருந்து பணம் வரவில்லையென்ற பழைய சாட்டு முற்றாக ஒழியவில்லைதான். ஆயினும் அதைச் சொல்பவர் விடயத்தை நடுவரிடம் கொண்டுசெல்வதாக உறுதி தரவேண்டும். வெறும் வாய்ப்பேச்சு இனிச் செல்லாது.

அத்தகைய தொடர்மாடிகளிற் குடியிருப்போருக்கும் பணக்கவலையுண்டு. அவர்கள் மாதந்தோறும் கட்டும் பணத்தை அவர்களே தெரிவுசெய்த பணிப்பாளர் சபை செலவிடுகின்றது. 2017 நவம்பர் முதல், புதிதாகத் தெரிவாகும் பணிப்பாளர் ஆறு மாதத்துள் உரிய பயிற்சியை முடிக்காவிடின் பதவியிழப்பார். ஏடுகளைக் காட்ட மறுத்தால், உரிமையாளர் தனி நியாயசபையில் முறையிடலாம்.

என் மாணவனின் பணம் இன்னும் முழுமையாக வந்துசேரவில்லை. புதிய விதிகள் பழைய ஒப்பந்தங்களைத் தொடுவதில்லை.