முன்னோர் பொருளும் மூட்டை கட்டும் முறையும்
(சிவாஜிநகர்த் தமிழன்பர்களின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையையும் தமிழரின் பெருமையையும் பேசுவது மரபு. அத்தொன்மையின் மிகச் சிறிய பகுதி ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகின்றோம். அது கல்வெட்டில் இல்லை, செப்பேட்டில் இல்லை, நம் வீட்டுப் பரண்மேலும் பூசை அறையிலும் இருக்கின்றது. பாட்டி வாசித்த வீணை, தாத்தா கேட்டு மகிழ்ந்த இசைத்தட்டு, சீராக வந்த தஞ்சாவூர்ப் படம், ஊறுகாய் மணம் மாறாத பீங்கான் ஜாடி ஆகியவற்றையே குறிப்பிடுகின்றோம். மூன்று தலைமுறையாகக் காக்கப்பட்ட இப்பொருள்கள் இன்று ஒரே இரவில் பார்சல் வண்டியிலே பாழாகின்றன. அதனைத் தடுப்பது எவ்வாறு என்பதே நம் பேச்சு.

இவ்வூருக்கு நம் முன்னோர் வந்த கதையை நீங்கள் அறிவீர்கள். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குப் படைத்தளம் அமைத்தனர். அந்நாளில் பிளாக்பள்ளி என்று வழங்கிய இச்சிவாஜிநகர்ப் பகுதியில் படையினரோடும் வணிகரோடும் தமிழ்க் குடும்பங்கள் வந்து தங்கின. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் நிலையம் வரை இருப்புப் பாதை வந்தது. அதன்பின் டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகப் பலர் வந்தனர். பெட்டியைப் பலகைக்கு அடியில் தள்ளினாலும், உடையும் பொருளை மடியில் வைத்துக்கொள்வதே அக்கால வழக்கம். பொருளுக்கு உரியவரின் கை அதனை விட்டு நீங்கியதில்லை.

இன்று நிலைமை வேறு. ஊரில் பூர்வீக வீடு விலையாகின்றது. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை ஆகியோர் பொருள்களைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். பெங்களூரில் இருப்பவருக்கு உரியது அட்டைப் பெட்டியில் அடைபட்டு, லாரி பார்சலிலோ கூரியரிலோ புறப்படுகின்றது. வீட்டிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து வண்டி, மறுபடியும் கிடங்கு, பின்னர் சிறு வண்டி என்று பல கைகள் மாறுகின்றது. சுமை ஏற்றுபவருக்கு உள்ளே இருப்பது வீணையா, வெங்காயமா என்பது தெரியாது. பெட்டிகளின் எண்ணிக்கையும் விரைவும்தாம் அவருக்கு இடப்பட்ட கட்டளை. ஆதலின் அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஆனால், கூலி பெற்றுப் பொருளை ஏற்றுக்கொண்ட நிறுவனம் அதனை எறியாமல் சேர்ப்பிக்கக் கடமைப்பட்டது என்பதையும் மறத்தல் ஆகாது.

சென்ற ஆண்டில் நம் காலனி வீடொன்றுக்கு ஊரிலிருந்து பழைய இசைத்தட்டுகள் வந்தன. பெட்டியின்மேல் ‘கண்ணாடி, கவனம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. திறந்து பார்த்தபோது பாதிக்குமேல் துண்டுகளாகக் கிடந்தன. அவ்வீட்டு அம்மையார் துண்டுகளைப் பொறுக்கி மேசைமேல் வைத்துப் பொருத்திப் பார்த்தார். நடுவில் ஒட்டியிருந்த தாளில் பாடலின் பெயர் தெளிவாக இருந்தது, பாடல்தான் இல்லை.

இசைத்தட்டு ஏன் இவ்வளவு எளிதில் உடைகின்றது? நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் பிற்காலத் தட்டுகளைப்போல் வளைந்து கொடுப்பவை அல்ல. அவை அரக்கையும் கற்பொடியையும் கலந்து செய்தவை. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி தரும் அரக்குத்தான் அதற்கு மூலப்பொருள். பாரதத்திலே பாண்டவர்க்கு அமைத்த அரக்கு மாளிகை நெருப்புக்கு அஞ்சியது. இந்த அரக்குத் தட்டோ அதிர்ச்சிக்கு அஞ்சுகின்றது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மிஞ்சினால் நான்கு நிமிடம் பாட்டு. எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், முப்பது வயது நிரம்பு முன்னரே மறைந்தார். அவர் குரலை இன்று நாம் கேட்கின்றோம் என்றால் அதற்கு இத்தகைய தட்டுகளே காரணம். புகழ் பெற்றவரின் தட்டு வேறு ஒருவரிடமேனும் இருக்கும். மறக்கப்பட்ட ஒரு பாடகரின் கடைசித் தட்டு நொறுங்கினால், அக்குரலே உலகை விட்டு நீங்கியதாகும்.

வீணையின் நிலையும் அத்தகையதே. தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் ஆனது. குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து பொருத்திய வீணை, பொருத்திய இடத்திலேதான் முதலில் விரியும். 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிந்தவை. வெயிலில் நிற்கும் வண்டியில் மெழுகு இளகுமானால் மெட்டு இடம் பெயரும்; சுருதி கெடும். தஞ்சாவூர்ப் படமோ பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் புடைப்பு அமைத்து, தங்கத் தாளும் கல்லும் பதித்தது. அதிர்ச்சியில் கண்ணாடி உடைந்தால் சில்லுகள் அப்புடைப்பைக் கீறிவிடும். மழையில் நனைந்தால் பூச்சு பலகையை விட்டுக் கிளம்பும்.

உடைந்தபின் இழப்பீடு கேட்கலாமே எனலாம். கேட்க வேண்டியதுதான். ஆயினும் சட்டம் எவ்வளவு தரும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் நன்று. அஞ்சல் துறைக்கு 1898ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பிலிருந்து பெரிதும் விலக்கு அளித்திருந்தது. அதற்கு மாற்றாக 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்விலக்குத் தொடர்கின்றது. இரயில்வேயில், 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருளின் மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்குரிய கட்டணம் செலுத்தாவிடின், எடைக் கணக்கில் வரம்பிட்ட தொகையே கிடைக்கும். பாட்டியின் வீணையைக் கிலோக் கணக்கில் நிறுத்துப் பார்ப்பது எத்தகைய கணக்கு! கூரியர் ரசீதில் கையொப்பமிட்டவரை, அதில் அச்சிட்டுள்ள பொறுப்பு வரம்பு கட்டுப்படுத்தும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்த பின்னரே கையொப்பம் இடுதல் வேண்டும்.

இந்தத் துன்பம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 2008ஆம் ஆண்டில் கனடா நாட்டு இசைக் கலைஞர் டேவ் கேரலின் கிதார் ஒரு விமானப் பயணத்தில் உடைந்தது. மாதக்கணக்கில் முறையிட்டும் இழப்பீடு மறுக்கப்பட்டது. அவர் அதனையே பாட்டாகப் பாடி 2009இல் இணையத்தில் வெளியிட்டார். இலட்சக்கணக்கானோர் கேட்டனர், விமான நிறுவனம் நாணியது. ஆனால் நம் வீட்டுப் பாட்டியின் வீணைக்காக உலகம் பாடப் போவதில்லை. நம் பொருளை நாமே காத்தல் வேண்டும்.

எவ்வாறு காப்பது? சில வழிகளைக் கூறுகின்றோம்.

இசைத்தட்டுகளைக் கிடையாக அடுக்குதல் ஆகாது. செங்குத்தாக நிறுத்துதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உறையிட்டு, தட்டினும் பெரிய கெட்டி அட்டைகளுக்கு இடையே சில தட்டுகளை மட்டும் வைத்து, அசையாவண்ணம் கட்டுக. அக்கட்டை ஒரு பெட்டியிலும், அப்பெட்டியை அதனினும் பெரிய பெட்டியிலும் வைத்து, நாற்புறமும் மேலும் கீழும் பஞ்சோ காகிதச் சுருளோ திணித்திடுக. வீணையின் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, தண்டிக்குக் கீழே மெத்தென்ற தாங்கல் கொடுத்து, கெட்டியான பெட்டியில் வைத்திடுக. குதிரையின்மேல் எடை விழுதல் கூடாது. படத்தின் கண்ணாடிமேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுத்தாள் ஒட்டினால், உடைந்தாலும் சில்லு சிதறாது. குத்துவிளக்கைக் கழற்றி ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே துணியில் சுற்றுக.

அனுப்புமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைப்பீர். மதிப்பை எழுதிக் கொடுத்துக் காப்பீடு செய்வீர். இசைத்தட்டாயின் அதன் ஒலியைக் கணினியில் பதிவு செய்தபின் அனுப்புவீர். பெட்டி வந்ததும், கொணர்ந்தவர் முன்னிலையிலேயே பார்த்து, சேதம் இருப்பின் ரசீதில் எழுதுவீர். உடைந்த துண்டையும் பெட்டியையும் எறிதல் வேண்டா, அவையே சான்று. இரயில்வேக்கு ஆறு மாதத்துக்குள்ளும், சாலைப் போக்குவரத்து நிறுவனத்துக்கு 180 நாள்களுக்குள்ளும் எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். நுகர்வோர் ஆணையத்தை நாட இரண்டு ஆண்டு தவணை உண்டு.

அயல்நாட்டில் வாழும் மக்களுக்கு அனுப்ப விரும்புவோர்க்கு மற்றொரு சொல். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த சிற்பம், ஓவியம், கலைப்பொருள் முதலியவற்றையும், 75 ஆண்டு கடந்த மதிப்புமிக்க சுவடிகளையும் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்ப இயலாது. ஐயம் இருப்பின் தொல்லியல் துறையிடம் கேட்டறிதல் முறை.

இவை அனைத்தினும் சிறந்த வழி ஒன்று உண்டு. அதுவே நம் முன்னோர் வழி: ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புதல். வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் சேலத்துக்கும் சென்னைக்கும் நம் காலனியிலிருந்து வாரந்தோறும் யாரேனும் போய் வருகின்றனர். சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். எவர், எந்நாள், எவ்வூர் செல்கின்றார் என்று அதில் எழுதுவோம். மடியில் வைக்கத்தக்க ஒரு படத்தையோ பத்துத் தட்டுகளையோ கொணர்ந்து தருவது பெரும் சுமையன்று. ஒருவர் குடும்பத்தின் நினைவை மற்றொருவர் சுமப்பதினும் சங்கம் என்ற சொல்லுக்கு வேறு நல்ல பொருள் ஏது?

ரசீதில் எடைக்கு ஒரு கட்டம் உண்டு. விலைக்கு ஒரு கட்டம் உண்டு. அந்தி விளக்கேற்றியபின் பாட்டி வாசித்த வீணையை நாம் கேட்டு வளர்ந்தோம் என்று எழுத அதில் கட்டம் இல்லை. அதனைப் பார்சல் நிறுவனம் அறியாது, நாம் அறிவோம். ஆதலின் காக்கும் கடமையும் நம்முடையதே. இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும், பரணில் உள்ள பழம்பொருள் ஒன்றை இறக்கித் தூசி தட்டி, அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கதை தெரிந்த பிள்ளை அப்பொருளை எறியாது, எறியவும் விடாது.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!