அரிப்புக்குக் காரணம் தேடுவோம்

(கரியாலூர் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கு முடிந்தது. இனி தோல் அரிப்பைப் பற்றிப் பேசுவோம். முகமும் கழுத்தும் கருத்துத் தடித்துப்போன அக்காமார் சிலர், கூட்டத்துக்கு வந்தால் கடைசியில் தனியாக உட்காருகிறார்கள். “ரத்தம் கெட்டுப்போச்சு, ஒட்டிக்கும்” என்று நாமே ஒதுக்கினால் அவர்கள் எங்கே போவார்கள்?

அரிப்பு எல்லாம் ஒன்றல்ல. விரல் இடுக்கில் வந்து, ராத்திரியில் அதிகமாகி, வீட்டில் எல்லோரும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். வட்டமாகப் படர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இவை இரண்டும் ஒட்டும். ஒவ்வாமையால் வருகிற தோல் அழற்சி ஒட்டவே ஒட்டாது.

நம் நாட்டில் இந்த அழற்சிக்கு ஒரு பெரிய காரணம், ரோட்டோரம் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியம் செடி. அமெரிக்கக் கண்டத்துச் செடியான இதை 1950களில் புனேயில் கண்டார்கள். பிறகு நாடெங்கும் பரவியது. இதனால்தான் தோல் நோய் வருகிறது என்று 1970களில் மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். இதிலுள்ள பார்த்தீனின் என்ற பொருள் சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. தொடவே வேண்டாம், காய்ந்த தூள் காற்றில் பட்டாலே போதும். அதனால்தான் முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பில் முதலில் வருகிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒட்டுப் பரிசோதனை உண்டு. 1895ல் யாடசோன் என்ற ஜெர்மன் மருத்துவர் கொண்டுவந்த முறை. சந்தேகப்படும் பொருளைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடி ஓரிரு நாளில் பார்ப்பார்கள். ஊசி கிடையாது.

வைத்தியம் என்ன? முதலில் அந்தச் செடியை விட்டு விலகணும். மருத்துவர் சொன்ன களிம்பைச் சொன்ன நாள்வரை போடணும். நோய் கடுமையானவர்களுக்கு அசதயோபிரின் மாத்திரை பலன் தருவதை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். அதை ரத்தப் பரிசோதனையோடுதான் தருவார்கள்.

கடையில் கேட்டு வாங்கும் களிம்பு வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் நாளாக நாளாகத் தோல் மெலியும், படர்தாமரையாக இருந்தால் இன்னும் பரவும். 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆணையிட்டது.

சகோதரிகளே, இன்று மூன்று தீர்மானம் எடுப்போம். ஒன்று, அரிப்புள்ளவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போவோம். அங்கே சரியாகாவிட்டால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் துணைக்குப் போவோம். இரண்டு, மழை பெய்து மண் இளகியதும், பூ விடுமுன்னே செடியை வேரோடு பிடுங்குவோம். கையுறை போட்டு, முகத்தை மூடிக்கொண்டு செய்வோம். அரிப்புள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். மூன்று, அடுத்த கூட்டத்தில் அந்த அக்காமார் நம் நடுவில் உட்காரட்டும்.