யார் சொல்லி வந்தாய்?

(சிங்கப்பெருமாள் கோவில் படிப்பகத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்துகையில், "கல்லூரி மேடைகள் பலவற்றில் முழங்கியவர்" என்று குறிப்பிட்டார். மேடைகளில் முழங்கியது உண்மை. வகுப்பறையிலேதான் நிலைக்கவில்லை! இரண்டாம் ஆண்டிலேயே மூட்டை கட்டியவன் நான். வீட்டிலே வறுமை, நெஞ்சிலே நாடகம். இரண்டும் கூடிச் சதி செய்து என்னைப் படிப்பினின்றும் பிரித்துவிட்டன. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பட்டம் பெறாத இந்த ஆளைத் தேடிவந்து, பட்டத்துக்கும் மேற்பட்ட ஒரு படிப்புக்கு விண்ணப்பம் எழுதத் துணை கேட்டாள் இந்த ஊர்ப் பெண்ணொருத்தி. அந்த விண்ணப்பத்தைப் பற்றித்தான் இன்று பேச்சு.

பெயர் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று உத்தரவு. தந்தை ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. தாய் வீட்டிலே தையல் எந்திரம் வைத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் கால் அவளுடையது. செங்கற்பட்டு அரசு கலைக் கல்லூரியிலே படித்துப் பட்டம் பெற்றாள். அடுத்து என்ன என்று கேட்டேன். "பொதுப்பணிக் கல்லூரி அண்ணா" என்றாள்.

விழித்தேன். மருத்துவக் கல்லூரி தெரியும், சட்டக் கல்லூரி தெரியும். பொதுப்பணிக்கு ஒரு கல்லூரியா? இருக்கிறது தோழர்களே! வரிப்பணம் எந்தத் தெருவுக்குக் குழாயாகிறது, எந்தத் தெருவுக்கு வாக்குறுதியாகவே நின்றுவிடுகிறது. அரிசி மூட்டை கிடங்கிலிருந்து குடிசைக்கு வரும் வழியில் எங்கே இளைக்கிறது. திட்டம் தீட்டுவது எப்படி, தீட்டிய திட்டம் ஏன் தோற்றது என்று கண்டுபிடிப்பது எப்படி — இவற்றைப் பாடமாகவே நடத்துகிறார்கள். அமெரிக்காவிலே, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்து மேக்ஸ்வெல் கல்லூரி 1924-ல் பிறந்தது. 1936-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தொடங்கிய கல்லூரிக்குப் பணம் தந்தவர் லூசியஸ் லிட்டவர். கையுறை செய்து விற்றுப் பொருள் குவித்தவர். இன்று கென்னடியின் பெயர் தாங்கி நிற்கும் அக்கல்லூரியிலேதான், யாழ்ப்பாணத் தமிழ் வழிவந்து சிங்கப்பூரின் குடியரசுத் தலைவராயிருக்கும் தர்மன் சண்முகரத்தினம் பொது நிர்வாகம் பயின்றார்.

நமக்கும் இது புதிதல்ல. பொது நிர்வாகத்துக்கென்று இந்தியாவிலேயே முதன்முதல் பட்டயப் படிப்பு ஏற்படுத்தியது எது? நம் சென்னைப் பல்கலைக்கழகம், 1937-ல்! மேக்ஸ்வெல் கல்லூரியின் முதல்வராயிருந்த பால் ஆப்பிள்பி என்பாரை அழைத்து யோசனை கேட்டு, தில்லியிலே இந்தியப் பொது நிர்வாகக் கழகத்தை அமைத்தது 1954-ல். தில்லிக்குப் பதினேழாண்டு முன்பே சென்னை விழித்துக்கொண்டது. இதை நம் பிள்ளைகளிலே எத்தனை பேர் அறிவர்? எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும்!

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். அவள் விரும்பிய கல்லூரி கடல் கடந்தது. அது கேட்டவை நான்கு. மதிப்பெண் சான்று, அது இருந்தது. ஆங்கிலத் தேர்வு, எழுதித் தேறினாள். அந்தத் தேர்வுக் கட்டணம் தந்தையின் மாதக் கூலியில் பெரும்பகுதியைத் தின்றது. மூன்றாவது, ஏன் இப்படிப்பை நாடுகிறாய் என்று விளக்கும் கட்டுரை. நான்காவது, உன்னை நன்கறிந்த மூவரிடமிருந்து பரிந்துரைக் கடிதங்கள்.

மூன்றாவதற்குத்தான் என்னிடம் வந்தாள். எழுதினேன் தோழர்களே, எழுதினேன்! இரவெல்லாம் விழித்து, ஆயிரமாண்டு இருளையும் அடுத்து வரும் விடியலையும் அரைப்பக்கத்துக்கு ஒருமுறை அழைத்து, கண்ணீரும் கனலும் கலந்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தாள். மடித்தாள். "அண்ணா, இதிலே நான் எங்கே இருக்கிறேன்? உங்கள் நாடகத்தின் மூன்றாம் காட்சி மாதிரி இருக்கிறதே" என்றாள்.

கைத்தட்டல் வாங்கிப் பழகியவனுக்கு அது கசப்பு மருந்து. விழுங்கினேன். "நீயே எழுது அம்மா" என்றேன்.

மூன்று நாள் கழித்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலை இந்த ஊரிலே இருப்புப் பாதையைக் கடக்கும் இடத்தில் ரயில்வே கேட் மூடிக் கிடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். இந்தப் பக்கம் நெடுஞ்சாலை, அந்தப் பக்கம் ஒரகடம். நடுவிலே மூடிய கேட். மின்சார இரயில் போகும், விரைவு இரயில் போகும், சரக்கு இரயில் சாவகாசமாகப் போகும். பேருந்திலே தொழிலாளி மணியைப் பார்த்துக்கொண்டு இருப்பான். கால்மணி நேரம் தாமதமானால் அரைநாள் கூலி போயிற்று என்று அவள் தந்தை வீட்டிலே புலம்பியிருக்கிறார். அப்போது அவளுக்கு வயது பதினாறு. கேட்டருகே நின்று, எத்தனை முறை மூடினார்கள், எப்போது திறந்தார்கள், எத்தனை பேருந்து காத்து நின்றது என்று ஒரு விடுமுறை முழுவதும் எழுதி வைத்திருக்கிறாள். கோடு போட்டு, கட்டம் கட்டி, கூட்டிப் பார்த்து!

அந்த நோட்டை ஓர் அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். எந்த அலுவலகம் என்பது நமக்கு வேண்டாம். நாற்காலியில் இருந்தவர் நோட்டைப் பிரிக்கவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார். "யார் சொல்லி வந்தாய்?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றாள். "அப்படியானால் யாரையாவது அழைத்துக்கொண்டு வா" என்றார்.

கேட்டுக்கு மேலே பாலம் என்ற பேச்சு அந்த நோட்டால் எழுந்தது என்று கதை கட்டி உங்களை ஏமாற்ற மாட்டேன்; அப்பேச்சு அதற்கும் முன்பே உண்டு. ஆனால் அந்தப் பெண் கட்டுரையிலே எழுதியது இதைத்தான். நாற்காலியின் இந்தப் பக்கம் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. அந்தப் பக்கம் அமர்ந்து, வருகிறவரின் நோட்டைப் பிரித்துப் பார்க்கக் கற்க விரும்புகிறேன் என்று எழுதியிருந்தாள். நாலு பக்கம் எழுதிய நான், அந்த இரண்டு வரிக்கு முன்னே வாய்மூடி உட்கார்ந்திருந்தேன்.

இனி, நான்காவது. பரிந்துரைக் கடிதம்! நம் பேச்சு வழக்கிலே சிபாரிசு. தோழர்களே, பொதுப்பணி வாயிலிலே நின்ற முதல் காவற்காரனே இந்தச் சிபாரிசுதான். கிழக்கிந்தியக் கம்பெனி, தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க இங்கிலாந்திலே 1806-ல் ஒரு கல்லூரி வைத்தது. ஹெய்லிபரி என்பார்கள். அதிலே சேர என்ன தகுதி? கம்பெனியின் இயக்குநர் ஒருவர் பெயரைச் சொல்லி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்! மருமகனும் மைத்துனன் மகனும் கப்பலேறி வந்து நம் மாவட்டங்களை ஆண்டனர். 1853-ல் அந்த உரிமை பறிக்கப்பட்டு, 1855-ல் இலண்டனிலே போட்டித் தேர்வு வந்தது. அறிவுக்கே இனி இடம் என்றனர். நல்லது! ஆனால் தேர்வு எங்கே? இலண்டனில். அறிவு இருந்தால் போதாது, கப்பல் கட்டணமும் இருக்க வேண்டும். 1863-ல் சத்தியேந்திரநாத் தாகூர் தேறிக் காட்டினார், இந்தியரில் முதல்வராக. பிறகு என்ன செய்தார்கள்? 1878-ல் வயது வரம்பை 19 ஆக்கினர்! பத்தொன்பது வயதுக்குள் பையன் ஆங்கிலம் கற்று, கடல் கடந்து, ஆங்கிலப் பிள்ளையோடு போட்டியிட வேண்டும். கதவைச் சாத்தவில்லை, கதவின் உயரத்தைக் குறைத்தார்கள். இந்திய மண்ணிலேயும் தேர்வு நடத்த 1922 வரை ஆயிற்று. விரும்பிய இந்திய மொழியிலே விடை எழுதலாம் என்று ஆனது 1979-ல்தான். இன்றும் குடிமைப்பணித் தேர்விலே மொத்த மதிப்பெண் 2025. அதில் 275 நேர்முகத்துக்கு. அந்த அறைக்குள் வைத்து அளப்பது அறிவை மட்டுந்தானா, வளர்ந்த வீட்டின் வரவேற்பறையையும் சேர்த்தா? நீங்கள் முடிவு செய்யுங்கள்.

சென்னை மாகாணம் இதிலே சும்மா இருக்கவில்லை. நீதிக்கட்சி ஆட்சி 1921-ல் வகுப்புவாரி ஆணை பிறப்பித்தது. 1929-ல், மாகாணங்களிலேயே முதலாவதாக, அரசுப் பணிக்கு ஆளெடுக்கத் தனி ஆணையம் இங்கே அமைந்தது. யார் மருமகன் என்ற கேள்வியை எடுத்துவிட்டு, யாருக்கு இதுவரை கிடைக்கவில்லை என்ற கேள்வியை வைத்தார்கள்.

அதனால் சிபாரிசே தீது என்பேனா? என்னால் முடியாது. பம்பாயிலே கேளுஸ்கர் என்றோர் ஆசிரியர் இருந்தார். பூங்காவிலே அமர்ந்து படிக்கும் ஒரு மாணவனைக் கவனித்தார். பரோடா மன்னரிடம் எடுத்துச் சொல்லி உதவிப் பணம் வாங்கித் தந்தார். அந்த மாணவன்தான் அம்பேத்கர்! பரோடாவின் உதவியோடே 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1917-ல் திரும்பிவந்து பரோடாவிலே அரசுப் பணியேற்ற அந்த மேதைக்குத் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினர் என்பதும் அதே வரலாறுதான். எடுத்துச் சொல்ல ஒரு கேளுஸ்கர் வாய்த்தார், இவர் போனார். கேளுஸ்கர் வாய்க்காத எத்தனை பேர் அந்தப் பூங்காவிலேயே இருந்துவிட்டனரோ!

நம் பெண்ணுக்கு இரண்டு கடிதம் பேராசிரியர்கள் தந்தனர். மூன்றாவது, அவள் பணி செய்ததைப் பார்த்தவர் தர வேண்டும். ஆளில்லை. பெரிய இடத்துப் பிள்ளையானால் அப்பாவின் நண்பர் ஒரு நிறுவனத் தலைவராயிருப்பார். இவள் அப்பாவின் நண்பர்களெல்லாம் அவரைப் போலவே ஒப்பந்தத் தொழிலாளர்கள்! சட்டமன்ற உறுப்பினரிடம் வாங்கித் தரவா என்றேன். "அவருக்கு என்னைத் தெரியாதே அண்ணா" என்றாள். பாருங்கள், என் புத்தியும் பழைய நாற்காலிக்காரர் புத்திதான்!

கடைசியிலே கடிதம் தந்தவர், மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி. இரண்டாண்டு அக்குழுவுக்குக் கணக்கு எழுதியவள் இவள். அந்த அம்மையார் தமிழிலேதான் எழுதினார். "இந்தப் பிள்ளை கணக்கிலே தப்பு வந்தால் தூங்க மாட்டாள்" என்று தொடங்கியது கடிதம். அதை ஆங்கிலமாக்கி, சரியான மொழிபெயர்ப்பென்று சான்றும் வாங்கி அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு கட்டணம். வருத்தமில்லை. ஆனால் ஒன்று நினைத்துக்கொண்டேன். 1812-ல், கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கென்று செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை எல்லிஸ் என்னும் வெள்ளையர் சென்னையிலே அமைத்தபோது, நாற்காலியில் அமர்வதற்கு முன் தமிழும் தெலுங்கும் கற்க வேண்டும் என்று விதித்தார். தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள் அங்கே ஆசிரியர்கள். தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று அந்த எல்லிஸ் எழுதியது 1816-ல். அந்நியர் நம்மை ஆள்வதற்கே தமிழ் வேண்டியிருந்தது! நம் பெண் நமக்குப் பணி செய்யப் படிக்கப் போகையிலே, தமிழ்க் கடிதம் கையெழுத்துச் சான்றுக்காகக் காத்து நிற்கிறது.

பணத்தைச் சொல்லாமல் விட்டால் பேச்சு முழுமையாகாது. நாட்டின் தாழ்த்தப்பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க, ஐம்பதுகளிலிருந்தே நடந்துவரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. இந்தப் பெரிய நாட்டுக்கு ஆண்டுக்கு 125 இடம். நிபந்தனையற்ற அனுமதிக் கடிதம் கொண்டுவா, பிறகு உதவி என்கிறது விதி. பணத்துக்கு வழி காட்டு, பிறகு நிபந்தனையை நீக்குகிறோம் என்கின்றன சில பல்கலைக்கழகங்கள். கோழி முதலா, முட்டை முதலா? 2022-ல் இன்னொரு விதி சேர்த்தனர்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு உதவி இல்லையாம்! சேரியிலிருந்து போகிறவன் சேரியைப் பற்றி ஆராயக் கூடாது. 2025-ல் தேர்வானவர் 106 பேர். முதலிலே கடிதம் கிடைத்தது 40 பேருக்கு. மற்ற 66 பேருக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். தமிழ்நாட்டு அரசும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்க்கு ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை தரும் அயலக உயர்கல்வித் திட்டம் வைத்திருக்கிறது. நம் பெண்ணுக்கு அதைச் சொன்னவர் அலுவலரல்லர். தேநீர்க் கடையிலே செய்தித்தாள் படித்த தோழர் ஒருவர். திட்டம் அலமாரியில் இருக்கிறது, தேவை தெருவில் இருக்கிறது. இடையிலே ஒரு தேநீர்க் கடை!

அதனாலே இந்தப் படிப்பகத்துத் தோழர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். சுவரொட்டி ஒட்டத் தெரிந்த கைகளுக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியாதா? பரிந்துரைக் கடிதம் என்றால் என்ன, அதை யாரிடம் கேட்கலாம், எந்த நாளுக்குள் கேட்க வேண்டும் என்று சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். கட்டுரையை மட்டும் நீங்கள் எழுதித் தராதீர்கள். என் கதி உங்களுக்கும் நேரும்!

அவள் விண்ணப்பம் போய்விட்டது. பங்குனியிலே பதில் வருமாம். கிடைக்குமா, தெரியாது, தினமும் கைப்பேசியைத் திறந்து பார்க்கிறாள். அதற்குள் இன்னும் நால்வர் வந்திருக்கிறார்கள். ஒருவன் மறைமலைநகர், மூவர் இந்த ஊர். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் படிப்பகம் திறந்திருக்கும். மதிப்பெண் சான்றுகளின் நகல் கொண்டுவரச் சொல்லுங்கள். கணினி ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் நடுவிலே நின்றுவிடுகிறது; இரண்டாவதற்குத் தலைவர் அவர்கள் இந்த மேடையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். கேட்டவர்கள் நீங்கள் அத்தனை பேரும் சாட்சி.