சான்றிதழுக்குப் பின் இரண்டு ஆண்டுகள்

(ஊரக வளர்ச்சிப் பணியாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிப்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். பயிற்சி நிலையங்களை எவ்வாறு திறப்பது என்பது பற்றிப் பேச நான் வரவில்லை. பயிற்சி முடித்துச் சான்றிதழோடு ஊர் திரும்பும் இளைஞனுக்கும் இளம்பெண்ணுக்கும் அதன்பின் நேர்வது யாது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கவலை நமக்கு மட்டும் உரியதன்று. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் கணக்குப்படி, 2023-ஆம் ஆண்டில் உலகில் 15 முதல் 24 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கல்வியிலும் இல்லை, வேலையிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை. அவர்களுள் மூவரில் இருவர் பெண்கள். இந்நிலையை மாற்ற வளரும் நாடுகள் பல, தொழிற்பயிற்சியோடு வாழ்க்கைத் திறன் பயிற்சியையும் சேர்த்து அளிக்கத் தொடங்கின.

வாழ்க்கைத் திறன் என்றால் என்ன? குறித்த நேரத்தில் பணிக்கு வருதல். வரவு செலவை எழுதி வைத்தல். வங்கி அதிகாரியின் முன் அச்சமின்றித் தன் தேவையைச் சொல்லுதல். உறவினர் கடன் சொல்லிப் பொருள் கேட்டால் அவர் மனம் நோகாமல் மறுத்தல். ஒரு முறை நட்டம் வந்தால் துவண்டு போகாதிருத்தல். இவை எளியவையாகத் தோன்றலாம். ஆயினும் தையல் நன்கு அறிந்தவர் கடையை மூடுவதும், அவரினும் குறைவாக அறிந்தவர் கடையை நிலைநிறுத்துவதும் இவற்றாலேயே அன்றோ?

ஆனால், தொழிலறிவும் வாழ்க்கைத் திறனும் சேர்ந்தாலே போதும் என்று எண்ணிவிடலாகாது. டொமினிக்கன் குடியரசில் 2001-ஆம் ஆண்டு ஒரு திட்டம் தொடங்கப் பெற்றது. ஏழை இளைஞர்களுக்கு 150 மணி நேரம் தொழிற்பயிற்சி, 75 மணி நேரம் வாழ்க்கைத் திறன் பயிற்சி, அதன்பின் தொழிலகம் ஒன்றில் சுமார் இரண்டு மாதப் பணிப்பழக்கம் என்பது அதன் அமைப்பு. குலுக்கல் முறையில் இடம் பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். பயிற்சி பெற்றோர்க்கு எதிர்காலத்தில் நம்பிக்கை வளர்ந்திருந்தது; இளவயதிலேயே தாயாகும் பெண்களின் அளவு குறைந்திருந்தது. இவை சிறிய நன்மைகள் அல்ல. எனினும், வேலை பெற்றோரின் விகிதம் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை.

இதனோடு ஆப்பிரிக்காவில் உள்ள லைபீரியாவின் அனுபவத்தை வைத்துப் பாருங்கள். நெடிய உள்நாட்டுப் போரில் நலிந்த அந்நாட்டில், தலைநகர் மன்ரோவியாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இளம்பெண்களுக்கான திட்டம் ஒன்று 2010-ஆம் ஆண்டு தொடங்கியது. ஆறு மாதம் பயிற்சி. அது முடிந்ததும் அவர்களை அனுப்பிவிடவில்லை. மேலும் ஆறு மாதம், வேலை தேடவும் சிறு வாணிகம் நடத்தவும் உடனிருந்து துணை செய்தனர். இளந்தாய்மார் பலர் இருந்தமையால், பயிற்சி நடக்கும் இடத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தனர். ஒப்பீட்டுக் குழுவினரைக் காட்டிலும், பயிற்சி பெற்றோரிடையே வேலைவாய்ப்பு 47 விழுக்காடும் வருமானம் 80 விழுக்காடும் உயர்ந்ததாக மதிப்பீட்டில் கண்டனர்.

நாடும் வேறு, பயிற்சி பெற்றோரும் வேறு. ஆதலால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது. எனினும், பயிற்சிக்குப் பின் கைவிடாதிருத்தல் என்னும் பாடத்தை நாம் ஏற்கலாம்.

இப்பாடம் நம் நாட்டிற்குப் புதியதும் அன்று. கருநாடகத்தில் தர்மஸ்தலத்தை அடுத்த உஜிரே என்னும் ஊரில், 1982-ஆம் ஆண்டு, தர்மஸ்தல மஞ்சுநாதேசுவரர் கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் கூடி ஒரு பயிற்சி நிலையம் நிறுவின. அங்கே உணவும் உறைவிடமும் இலவசம். பயிற்சிக் காலம் சில வாரங்களே. ஆனால், அதன்பின் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து, வங்கிக் கடன் பெறவும் தொழில் தொடங்கவும் உதவுவது அந்நிலையத்தின் மரபு. இம்முறையைப் பின்பற்றியே, 2009-ஆம் ஆண்டு முதல் மாவட்டந்தோறும் வங்கிகளின் பொறுப்பில் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களை அமைக்க மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஏற்பாடு செய்தது. நம் மாநிலத்திலும் அவை இயங்குகின்றன.

தொழில்முனைவோர் பயிற்சிகளில் வளையம் எறியும் விளையாட்டு ஒன்று உண்டு. நட்ட முளையில் வளையத்தை எறிந்து மாட்ட வேண்டும். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை எறிபவரே முடிவு செய்வார். மிக அருகில் நின்றால் வெற்றி எளிது, ஆனால் அதில் பெருமை இல்லை. மிகத் தொலைவில் நின்றால் எல்லாம் அதிர்ஷ்டத்தின் கையில். தம் திறமைக்கு ஏற்ற தூரத்தை அறிந்து நிற்பவரே கடனையும் தொழிலையும் அளவறிந்து மேற்கொள்வார். இத்தகைய அறிவை நூல் படித்து மட்டும் பெற இயலாது. செய்து பார்த்தும், தவறியும், மீண்டும் முயன்றுமே பெற வேண்டும். தவறும் வேளையில் அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

பணியாளர்களே! இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. ஊராட்சிதோறும் ஒரு பதிவேடு வையுங்கள். பயிற்சி முடித்து வந்தவரின் பெயர், கற்ற தொழில், திரும்பிய நாள் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். முதல் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும், ஓராண்டிலும், ஈராண்டிலும் அவரைச் சென்று காணுங்கள். கருவி இல்லையா? கடன் மனு தேங்கிக் கிடக்கின்றதா? வீட்டார் வெளியே அனுப்ப மறுக்கின்றனரா? குழந்தையைப் பார்க்க ஆளில்லையா? கேட்டறிந்து, உரியவரிடம் சேர்ப்பியுங்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இப்பணியில் உங்களுக்குப் பெருந்துணையாகும்.

எத்தனை பேர்க்குப் பயிற்சி அளித்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுகின்றோம். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களுள் எத்தனை பேர் தம் உழைப்பால் வாழ்கின்றனர் என்ற எண்ணையும் அதன் அருகில் எழுதத் துணிவோமாக. அவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைப்பதே நம் பணி. நாற்று விட்டவன் நடவு முடிந்ததும் வயலை விட்டு அகல்வதில்லை. களை எடுத்து, நீர் பாய்ச்சி, கதிர் முற்றும் வரை காத்து நிற்கின்றான். அந்தப் பொறுமை நமக்கும் வேண்டும்.