குக்கி: இடுதலும் அழித்தலும்



யாம் இன்று பேச எடுத்துக்கொண்டது குக்கி. விசுக்கோத்தன்று, இணையத்தளமொன்று நமது உலாவியில் இட்டுவைக்கும் சிறு குறிப்பு. உலாவியும், தளத்தை நடத்தும் வழங்கியும் பேசிக்கொள்ளும் முறையாகிய எச்.ரீ.ரீ.பி.க்கு ஞாபகமில்லை, ஒவ்வொரு முறையும் நாம் அதற்குப் புதியவரே. இக்குறை நீங்க 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்து லூ மொன்ருலி குக்கியை அமைத்தார்.

வழங்கி, 'செற்-குக்கி' என்னும் வரியிற் பெயரும் பெறுமானமும் எழுதி அனுப்பும். உலாவி அதைக் காத்து மறுமுறை திருப்பிக் கொடுக்கும். இடுதலும் வாசித்தலும் இவ்வளவே. அழித்தலிலேதான் செயலி ஆக்கும் நம் இளைஞர் இடறுகின்றனர். அவ்வரியில் 'அழி' என்னுஞ் சொல்லே கிடையாது. அதே பெயரில் இன்னொரு குக்கியை, காலங்கடந்த திகதியிட்டு அனுப்பவேண்டும். முன்பு கொடுத்த பாதையும் தளப்பெயரும் மாறலாகாது. கணக்குப் பகுதிக்கென இட்டதைத் தளம் முழுவதற்குமென அழிக்க முயன்றால் பழையது அப்படியே கிடக்கும். வாசிக்கும்போதோ பெயரும் பெறுமானமுமே வரும், பாதை வராது. ஆகவே பாதையை நிரலில் ஓரிடத்திற் குறித்துவைத்தல் நன்று.

நூலகத்துப் பொதுக் கணினியில் ஒருவர் வெளியேறிவிட்டோமென்று எழுந்துபோக, அடுத்து அமர்பவர் அவருடைய கடிதங்களைத் திறப்பாராயின் அப்பழி யாரைச் சாரும்? செயலியை ஆக்கியவரையன்றோ! உலாவியில் அழித்தாலும் போதாது. குக்கியை முன்னரே பிரதிசெய்தவன் கையில் அது செல்லுபடியாகும். எனவே வழங்கியிலுள்ள அமர்வுப் பதிவையும் உடன் நீக்குக. அமர்வுக் குக்கியை இடும்போதே 'எச்.ரீ.ரீ.பி.-ஒன்லி' என்று குறித்தால், பக்கத்தில் ஓடும் நிரல்கள் அதனை வாசிக்க இயலாது.